அந்த 0.8 வோல்ட் உங்க போர்டுக்குப் பொருந்துமா?

ஏ4988 ஸ்டெப்பர் மோட்டார் டிரைவரில் மின்னோட்டத்தை எப்படி அமைப்பது என்று இணையத்தில் தேடினால், ஒரு இடத்தில் 0.4 வோல்ட் என்பார்கள், இன்னொரு இடத்தில் 0.8 வோல்ட் என்பார்கள். இரண்டுமே 1 ஆம்பியருக்குச் சொன்னதுதான், இரண்டுமே சரிதான். போர்டுதான் வேற.

சிப்புக்குப் பக்கத்தில் கறுப்பாக இரண்டு சின்ன ரெசிஸ்டர்கள் இருக்கும், சுருளுக்கு ஒன்று. இவைதான் ஷன்ட். சுருள் வழியாக வரும் மின்னோட்டம் இதைக் கடந்துதான் தரைக்குப் போகும். அப்போது இதன் குறுக்கே எழும் சிறு மின்னழுத்தத்தை சிப் கவனித்துக்கொண்டே இருக்கும். அது வி-ரெஃப்பில் எட்டில் ஒரு பங்கைத் தொட்டதும் மின்னோட்டத்தை வெட்டிவிடும், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் விடும். அதனால் கணக்கு இதுதான்:

வி-ரெஃப் = மின்னோட்டம் × 8 × ஷன்ட் மின்தடை

ரெசிஸ்டர் மேல் ஆர்100 என்று இருந்தால் 0.1 ஓம். ஆர்068 என்றால் 0.068, ஆர்050 என்றால் 0.05. 1 ஆம்பியருக்கு இவை கேட்பது முறையே 0.8, 0.544, 0.4 வோல்ட். ஆர்050 போர்டில் போய் 0.8 வச்சா 2 ஆம்பியர் ஓடும். சுருளில் வெப்பம் இரண்டு மடங்கு இல்லீங்க, நான்கு மடங்கு. மாறாக, ஆர்100 போர்டில் 0.4 வச்சா அரை ஆம்பியர்தான். மோட்டார் பலமில்லாமல் ஸ்டெப்பைத் தவறவிடும்.

எழுத்து அழிந்திருந்தால்? சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவு இங்கே உதவாது. அதன் கம்பிகளுக்கே 0.1 ஓமுக்கு மேல் மின்தடை இருக்கும். நான் செய்வது நான்கு கம்பி முறை. போர்டுக்கு வேறு சப்ளை எதுவும் கொடுக்காமல், மோட்டாரையும் கழற்றிவிட்டு, ஷன்ட்டின் இரு முனைகளில் இரண்டு கம்பிகளைப் பற்றவைக்கிறேன். சிப் பக்கம் நேர்முனை, தரைப் பக்கம் எதிர்முனை. பெஞ்ச் சப்ளையைச் சுழியத்திலிருந்து மெல்ல ஏற்றி 1 ஆம்பியரில் நிறுத்துகிறேன். பிறகு மல்டிமீட்டரின் முனைகளை ரெசிஸ்டரின் மேலேயே வைத்து மில்லிவோல்ட் பார்க்கிறேன். 100 மில்லிவோல்ட் என்றால் 100 மில்லிஓம், அவ்வளவுதான். வோல்ட் அளக்கும் கம்பிகளில் மின்னோட்டம் ஏறக்குறைய இல்லை என்பதால் அவற்றின் மின்தடை கணக்கில் வராது. ஆனால் முனையை சப்ளை கம்பியின் மேல் வச்சுடாதீங்க. ஆர்050-இல் கூடுதலாக ஒரு மில்லிஓம் சேர்ந்தாலே 2 சதவீதம் பிழை.

கடைசியாகச் சரிபார்க்க, மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஒரு சுருளோடு தொடராக அம்மீட்டரை இணையுங்க. ஓடும்போது மோட்டார் கம்பியைப் பிடுங்கினால் டிரைவர் போய்விடும். ஃபுல் ஸ்டெப்பில் மோட்டார் நிற்கும்போது, அமைத்த அளவில் 70 சதவீதம்தான் காட்டும். 1 ஆம்பியருக்கு 0.7 வந்தால் எல்லாம் சரி.

சப்ளையில் காட்டும் ஆம்பியரை நம்பாதீங்க. 2 ஓம் சுருளில் 1 ஆம்பியர் நிற்க 2 வாட் போதும். 12 வோல்ட் சப்ளை அதற்காகக் கொடுப்பது ஏறக்குறைய ஆறில் ஒரு ஆம்பியர். டிரைவரின் இழப்பு தனி. அதைப் பார்த்து “குறைவா இருக்கே” என்று திருகை ஏற்றினால் மோட்டார் கொதிக்கும்.

வி-ரெஃப் எண்ணை எங்கிருந்து எடுத்தாலும், முதலில் உங்க போர்டின் ஷன்ட்டைப் படியுங்க.