காற்பந்தாட்டத்திற் காவலர் தேர்வு

காற்பந்தாட்டத்தில் பந்தை வலையுட் செலுத்துவோனைக் கண்டோர் தோள்மேல் தூக்கிக் கொண்டாடுவர். பின்னின்று காப்போனை நினைப்பார் சிலரே. ஆயினும் ஆட்டக்காரரைத் தெரிந்தெடுக்கும் நாளில் காவலின் அருமை வெளிப்பட்டுவிடும்.

அமெரிக்கர் காற்பந்தென வழங்கும் வேறோர் ஆட்டத்திற்கு, 1936 முதல் கல்லூரி மாணவரை முறைவைத்துத் தெரிந்தெடுக்கும் வழக்கம் உண்டு. முந்திய ஆண்டிற் கடைநின்ற குழுவினர்க்கே முதலுரிமை. (முதன்முதல் தேர்வுபெற்ற சிகாகோ மாணவர் ஜே பெர்வாங்கர் அத்தொழிலை மேற்கொள்ளவே இல்லை என்பது வேடிக்கை.) இதனையொத்த தேர்வொன்று நம் நாட்டில் இந்தியன் சூப்பர் லீக் போட்டிக்காக 2017 ஜூலை 23இல் மும்பையில் நடந்தது. புதிய கழகமாகிய ஜாம்ஷெட்பூர், கேரளத்துக் காவலர் அனஸ் எடதொடிகாவையே முதலில் தெரிந்துகொண்டது. அதன் பயனாக முதல் மூன்று ஆட்டங்களில் எதிரிக்கு ஒரு கோலும் விடவில்லை. தானும் ஒன்றும் அடிக்கவில்லை!

சென்னைக் கழகத்தின் நிலையோ வேறு. 2016இல் எட்டுக் குழுக்களுள் ஏழாமிடம். டிசம்பரிற் கோவாவுடன் ஆடி நான்கு கோல் அடித்தும் ஐந்து வாங்கித் தோற்றதெனின், குறை எங்கிருந்ததென்று கூறவும் வேண்டுமோ?

களத்தில் ஒரே வேளையில் அயல்நாட்டார் ஐவர்க்கு மேல் ஆடலாகாதென்பது அவ்வாண்டின் விதி. சென்னையார் நடுக்காவலுக்கு மைல்சன் ஆல்வெஸ், ஹென்ரிக் செரெனோ என்போரையும், வலப்புறத்திற்கு இனிகோ கால்டெரோனையும் அமர்த்தினர். மூவர் பின்னே நின்றமையின் மற்றையிடங்களுக்கு அயலார் இருவரே எஞ்சினர்; ஆகவே நம்மவர் அறுவர் தேர்ந்தவராதல் இன்றியமையாததாயிற்று. இடப்புறம் மிசோரம் இளைஞர் ஜெர்ரி லால்ரின்சுவாலா காத்தார். காவலர்க்கு முன்னே, நடுக்களத்தில், நம் வியாசர்பாடியிற் பிறந்த தன்பால் கணேஷ் நின்றார்.

இவ்விடமே எனக்கு யாவற்றினும் முக்கியமாகத் தோன்றுகிறது. நம் காஞ்சித் தறியில் உடலையும் கரையையும் வேறு வேறு நிறத்தில் இருவர் கூடிக் கோத்து நெய்வர்; அதனைக் கோர்வை என்பர். கோர்வை நழுவின் பட்டு எத்துணை உயர்ந்ததாயினும் கரை பிரிந்துவிடும். காவலணிக்கும் நடுக்களத்திற்கும் இடையே உள்ள பொருத்து அத்தகையது. பந்து அங்கே நுழைந்தபின் நடுக்காவலன் முன்னேறினால் முதுகுப்புறம் வெளியாகும். பின்வாங்கினால் எதிரி நின்று நிதானித்து உதைப்பான். இருபுறமும் இடர்.

2018 மார்ச் 17இல் பெங்களூரில் இறுதியாட்டம். ஒன்பதாம் நிமிடத்திலேயே சுனில் சேத்ரி கோல் அடித்தார். சென்னை கலங்காது நின்று 3–2 என வென்றது. அம்மூன்றில் இரண்டைத் தலையால் முட்டிப் புகுத்தியவர் காவலர் மைல்சன் ஆல்வெஸ்.