செந்தணலில் தளராத உலோகம்

இரும்பு சிவக்கச் சிவக்க இளகும் என்பது கொழு அடிக்கும் கொல்லன் ஒவ்வொருவனும் அறிந்த உண்மை. கனகராயன்குளத்து வயல்களை உழுத கொழுக்கள் யாவும் அவ்வியல்பினாலேயே உருப்பெற்றன. ஜெற் விமானத்தின் எந்திரமோ இதற்கு மாறான உலோகத்தை வேண்டி நிற்கின்றது. செந்தணலின் வெப்பத்திலும் இளகாது, நீளாது உழைக்கவல்ல அவ்வுலோகம் நிக்கற் கலப்புலோகமாகும். அதனை ஆக்கி வழங்குதல் எத்துணை அரிய தொழில் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

எந்திரத்துட் புகும் காற்று அமுக்கப்பட்டு, எரிபொருளுடன் எரிந்து, சுழலியின் அலகுகளை மோதிச் சுழற்றுகின்றது. அவை நிமிடத்துக்குப் பல்லாயிரந் தடவை சுழல்வதால், ஒவ்வோர் அலகையும் பல தொன் நிறைக்கு ஒப்பான விசை வெளிநோக்கி இழுக்கும். நிக்கலின் உருகுநிலை 1455 பாகை செல்சியசு. இக்கால எந்திரங்களில் அலகைச் சூழும் வாயு அதனிலும் வெப்பமாயிருத்தலுண்டு. அலகினுள்ளே செலுத்தப்படும் காற்றும் மேலிட்ட பீங்கான்வகைப் பூச்சும் வெப்பத்தைத் தணித்தாலும், இழுவிசையைத் தாங்குவது உலோகமே.

மின்னடுப்பின் சுருட்கம்பி நிக்கலும் குரோமியமும் கலந்தது. 1940களின் தொடக்கத்தில், பிராங் விற்றில் அமைத்த ஜெற் எந்திரத்தின் தேவைக்காக, இங்கிலாந்தின் ஹென்றி விக்கின் நிறுவனத்தார் அத்தகைய கலவையிற் சிறிது தைத்தானியமும் அலுமினியமும் சேர்த்து நிமோனிக் 80 என்னும் உலோகத்தை ஆக்கினர். இவ்விரண்டும் நிக்கலுடன் கூடி, கண்ணுக்குப் புலனாகாத துகள்களாய் உலோகமெங்கும் பரந்து, அது நெகிழ முயலுங்கால் தடைக்கற்களாய் நிற்கும். வியப்பு யாதெனில், அத்துகள்களின் உறுதி ஏறத்தாழ 700 பாகை வரை வெப்பத்தோடு கூடவே வளர்கின்றது.

இனி, வழங்குவோர் கடமையை நோக்குவோம். அலுமினியமும் தைத்தானியமும் ஒட்சிசனுடன் விரைந்து சேர்வன. ஆதலின் உலோகம் வெற்றிட உலையிலே உருக்கப்படும். ஈயமும் பிசுமதும் பத்திலட்சத்திற் சில பங்கு கலந்தாலே பளிங்குமணிகளின் எல்லைகள் வலுவிழக்கும். எனவே ஒவ்வோர் உருக்குக்கும் ஓர் இலக்கமிட்டு, மூலப்பொருள் முதல் சோதனைப் பெறுபேறு வரை யாவற்றையும் அதன்கீழ்ப் பதிவர். பதிவில்லாத உலோகக் கட்டி, எத்துணைத் தூயதாயினும், விமானத்துக்கு உதவாது.

வெப்பத்திற் பெரும்பாலும் முதலிற் பிளப்பது மணிகளின் எல்லையே. ஆகவே அச்சின் அடியில் ஒடுங்கிய சுருள்வழி அமைத்து, ஒரு பளிங்கு மட்டும் மேலேறி வளரச் செய்வர். அலகு முழுவதும் ஒரே பளிங்காகிவிடின் பிளத்தற்கு எல்லையே இராது.

சிறுமாசும் பெருங்கேடாம் என்பதற்கு அண்மைச் சான்றுண்டு. பிராற் அன்ட் விற்னி நிறுவனத்தின் எந்திர வகையொன்றின் பாகங்களுக்குப் பயன்பட்ட உலோகத்தூளில் நுண்மாசு கலந்திருந்த செய்தி 2023இல் வெளிவந்தது. 2015 இறுதி தொடக்கம் 2021 வரை ஆக்கப்பட்ட பாகங்கள் ஐயத்துக்குள்ளாயின. நூற்றுக்கணக்கான எந்திரங்களைக் கழற்றிச் சோதிக்க வேண்டியதாயிற்று. இந்தியாவின் இண்டிகோ விமானங்கள் பலவும் தரையில் நின்றன.

அயல்நாடாகிய இந்தியா இத்துறையில் நெடுங்காலம் முயன்று வருகின்றது. ஐதராபாத்தில் மிஸ்ரா தாது நிகாம் என்னும் அரச நிறுவனம் 1973இல் நிறுவப்பட்டது. காவேரி எந்திரத் திட்டம் 1989இல் தொடங்கியது. எனினும் அவ்வெந்திரம் வேண்டிய உந்துவிசையை எட்டாமையால், 2001இல் முதன்முதற் பறந்த தேஜஸ் விமானம் அமெரிக்க எந்திரத்தையே தாங்கியது. 2021இல் அத்தகைய 99 எந்திரங்கள் வேண்டப்பட்டன; முதலாவது கையளிக்கப்பட்டதோ 2025 மார்ச்சில். பிறர் எந்திரத்தை நம்பும் நாடு பிறர் தவணைக்கும் காத்திருத்தல் வேண்டும். ஆயினும் 2021 ஏப்ரலில் ஐதராபாத்துப் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வுகூடம் ஒற்றைப் பளிங்கு அலகுகள் அறுபதை உலங்குவானூர்தி எந்திரத்துக்கென வழங்கியமை பாராட்டற்பாலது.

எமது நாட்டின் உசன்கொடையிலும் நிக்கல் செறிந்த மண் உண்டு. ஆனால் மண்ணிலுள்ள நிக்கல் மட்டும் அலகாகிவிடாது. அறிவும் பொறுமையும் வாய்மையும் கூடவேண்டும். கடல்கடந்து பொறியியற்றொழில் புரியும் எம் பழைய மாணவர் இவற்றை இளையோர்க்கு எடுத்துரைப்பாராக. ஆய்வுகூடத்திற் கண்ட அளவைக் கண்டவாறே குறிப்பேட்டில் எழுதும் மாணவன் இத்தொழிலின் முதற்பாடத்தைக் கற்றவனாவான்.