ஹேட்ரியன் சுவர்: 135 கி.மீ. நடந்தா தொண்டு நிறுவனத்துக்கு எப்படி பணம் வருது? ஸ்பான்சர் பண்றவங்க கேட்க வேண்டிய ஒரு கேள்வி

இங்கிலாந்தின் வடக்குப் பகுதியில் கோடை தொடங்கிவிட்டால், வார இறுதிகளில் ஒரே நிற டி-ஷர்ட் போட்ட கூட்டங்களைப் பார்க்கலாம். முதுகில் பை, கையில் ஊன்றுகோல். டி-ஷர்ட்டில் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் அமைப்பின் பெயரோ, குழந்தைகள் மருத்துவமனையின் பெயரோ இருக்கும். அவர்கள் நடப்பது ஏறக்குறைய 1,900 ஆண்டுகள் பழமையான ரோமானியச் சுவரை ஒட்டிய பாதையில். அதன் பெயர் ஹேட்ரியன் சுவர்.

இவங்க நடக்கிறாங்க, சரி. அதுக்கு ஏன் இன்னொருத்தர் காசு கொடுக்கணும்? கொடுத்த காசில் எவ்வளவு உண்மையிலேயே அந்தத் தொண்டு நிறுவனத்துக்குப் போகுது? பிரிட்டனில் இருக்கும் உறவினரோ நண்பரோ ‘என்னை ஸ்பான்சர் பண்ணுங்க’ என்று வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பினால் யாருக்கும் வரக்கூடிய சந்தேகம்தான் இது.

முதல்ல, அது என்ன சுவர்?

கி.பி. 122-ல் ரோமப் பேரரசர் ஹேட்ரியன் பிரிட்டனுக்கு வந்தார். பேரரசின் வடக்கு எல்லை அதுதான். கிழக்கே டைன் ஆற்றிலிருந்து மேற்கே சால்வே கழிமுகம் வரை, தீவின் குறுக்கே 73 மைல், அதாவது சுமார் 117 கி.மீ. நீளத்துக்குச் சுவர் எழுப்பப்பட்டது. கட்டியவர்கள் ரோமப் படையின் மூன்று லீஜியன்களைச் சேர்ந்த வீரர்கள். ஒவ்வொரு ரோமானிய மைலுக்கும் ஒரு சிறு காவல் கோட்டை, இரண்டு கோட்டைகளுக்கு நடுவே இரண்டு கண்காணிப்புக் கோபுரங்கள் என்று கணக்குப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள்.

இதுதான் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவே உள்ள எல்லைக்கோடு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இன்றைய எல்லைக்குத் தெற்கே, முழுக்க முழுக்க இங்கிலாந்துக்குள்தான் சுவர் இருக்கிறது.

ரோமானியர்கள் போன பிறகு ஊர் மக்களுக்கு அது கல் குவாரி ஆகிவிட்டது. தேவாலயம், பண்ணை வீடு, 18-ம் நூற்றாண்டில் போட்ட ராணுவச் சாலை என எல்லாவற்றுக்கும் சுவரின் கற்கள் போயின. 19-ம் நூற்றாண்டில் நியூகாசிலைச் சேர்ந்த ஜான் கிளேட்டன் என்பவர், சுவர் ஓடும் நிலங்களை ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கிக் காப்பாற்றினார். இன்று நடுப்பகுதியில் நின்று ஃபோட்டோ எடுக்க முடிகிறது என்றால் அவருக்குத்தான் நன்றி சொல்லணும். 1987-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சுவர் சேர்க்கப்பட்டது.

சுவரை ஒட்டிய தேசிய நடைபாதை 2003-ல் திறக்கப்பட்டது. நியூகாசில் பக்கத்தில் உள்ள வால்ஸ்எண்டில் தொடங்கி, மேற்குக் கடலோரத்தில் போனெஸ்-ஆன்-சால்வே என்ற கிராமத்தில் முடியும். நீளம் 84 மைல், அதாவது 135 கி.மீ. சென்னையிலிருந்து வேலூர் போகும் தூரம்னு வெச்சுக்கலாம்.

பாதை போடுவதற்கு 200 வருஷம் முன்பே இந்தச் சுவரை நடந்தே பார்த்தவர் ஒருவர் உண்டு. வில்லியம் ஹட்டன், வயது 78. 1801-ல் பர்மிங்காமிலிருந்து நடந்தே வந்து, சுவர் முழுக்க நடந்து, திரும்பவும் வீட்டுக்கு நடந்தே போனார். மொத்தம் சுமார் 600 மைல். அவரை யாரும் ஸ்பான்சர் பண்ணவில்லை!

எத்தனை நாள் நடக்கணும்?

நிதானமாக நடப்பவர்களுக்கு 6 முதல் 8 நாள். தொண்டு நிறுவனக் குழுக்களுக்கு அவ்வளவு லீவு கிடைக்காது. அதனால் மூன்று, நான்கு நாளில் முழுப் பாதையையும் முடிப்பார்கள். இல்லையென்றால், சுவர் நன்றாகத் தெரியும் நடுப்பகுதியை மட்டும் ஒரு வார இறுதியில் நடப்பார்கள்.

பாதையின் மிக உயரமான இடமே 345 மீட்டர்தான். ஏற்காட்டின் உயரத்தில் கால் பங்குகூட இல்லை. ‘இதுக்கா இவ்வளவு பில்டப்?’ என்று தோன்றலாம். ஆனால் நடுப்பகுதியில் சுவர் பாறை முகடுகளின் மேலேயே ஓடுகிறது. ஒவ்வொரு முகடாக ஏறி, செங்குத்தான கல் படிகளில் இறங்கி, உடனே அடுத்ததில் ஏறணும். காற்றும் மழையும் சொல்லாமல் வரும். ஒரு நாளில் 20 மைலுக்கு மேல் போனால் கால் கொப்புளம் கிட்டத்தட்ட உறுதி.

இந்த முகடுகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தில்தான் உலகப் புகழ்பெற்ற சிக்கமோர் கேப் மரம் நின்றது. 1991-ல் வந்த ‘ராபின் ஹுட்’ படத்தில் வந்த அதே மரம். 2023 செப்டம்பரில் ஒரே இரவில் வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். சுவர் மீதும் அது விழுந்தது. குற்றவாளிகள் இருவருக்கும் 2025-ல் 4 ஆண்டு 3 மாதம் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அடிமரத்திலிருந்து புதுத் துளிர்கள் வந்திருக்கின்றன. நடைக் குழுக்கள் இப்போதும் அங்கே நிற்காமல் போவதில்லை.

கஷ்டப்பட்டா ஏன் காசு வருது?

சும்மா ‘நன்கொடை தாங்க’ என்று கேட்டால் கிடைக்காத பணம், ‘135 கி.மீ. நடக்கிறேன்’ என்றால் கிடைக்கிறது. இதை ஆய்வாளர்கள் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். கிறிஸ்டோபர் ஒலிவோலா, எல்டார் ஷஃபிர் இருவரும் 2013-ல் வெளியிட்ட ஆய்வின்படி, நல்ல காரியத்துக்காக வலியும் உழைப்பும் தாங்க வேண்டியிருந்தால், சுகமான வழியைவிட அதற்குத்தான் மக்கள் அதிகம் கொடுக்கத் தயாராகிறார்கள். பட்ட கஷ்டம் காரியத்துக்கு அர்த்தம் கூட்டுகிறது என்பது அவர்கள் விளக்கம்.

சரி, 100 பவுண்ட் கொடுத்தா எவ்வளவு போய்ச் சேரும்?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. இந்த நடைப்பயணங்களில் இரண்டு முறை உண்டு.

ஒன்று, நடப்பவரே தன் செலவைக் கட்டுவது. வழிகாட்டி, தங்குமிடம், சாப்பாடு, பை கொண்டுபோகும் வேன் என எல்லாம் அவர் பாக்கெட்டிலிருந்து. ஸ்பான்சர் தரும் பணம் தொண்டு நிறுவனத்துக்குப் போய்விடும்.

இன்னொன்று, குறைந்தபட்ச நிதி முறை. நடப்பவர் ஒரு சிறிய பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுவார். ‘இவ்வளவு பவுண்ட் திரட்டித் தருகிறேன்’ என்று ஒப்புக்கொள்வார். பயணச் செலவை அந்தத் திரட்டிய பணத்திலிருந்து தொண்டு நிறுவனம் எடுத்துக் கட்டும்.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். இலக்கு 600 பவுண்ட். பயணத்தை நடத்தும் கம்பெனிக்கு ஒருவருக்கு 240 பவுண்ட். அப்படியென்றால், 100 பவுண்ட் கொடுத்தவரின் காசில் 40 பவுண்ட் நடைப்பயணச் செலவுக்கே போய்விடுகிறது. மருத்துவமனைக்கோ ஆராய்ச்சிக்கோ 60 தான்.

இது மோசடி இல்லை. ஆனால் சொல்லாமல் விட்டால் அது நியாயமும் இல்லை. தங்கள் பணத்தில் ஒரு பகுதி நடப்பவரின் செலவுக்குப் போகும் என்பதைக் கொடுப்பவர்களுக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்பதுதான் பிரிட்டனில் நிதி திரட்டுவோருக்கான நடத்தை விதியும். விமான டிக்கெட், ஹோட்டல் எல்லாம் சேரும் சீனப் பெருஞ்சுவர் மாதிரியான வெளிநாட்டுப் பயணங்களில் இந்தச் செலவு இன்னும் பெரிதாகும். ‘என் காசில் அவன் டூர் போறானா?’ என்ற முணுமுணுப்பு அங்கேதான் அதிகம்.

ஆக, லிங்க் அனுப்பியவரிடம் தயங்காமல் கேட்கலாம்: “பயணச் செலவை நீங்க கட்டுறீங்களா, இல்ல இந்தப் பணத்திலிருந்தா?” நேர்மையாக நடப்பவர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். தொண்டு நிறுவனத்தின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கினால், இங்கிலாந்து, வேல்ஸ் அறநிறுவன ஆணையத்தின் இணையதளத்தில் அதன் வரவு செலவுக் கணக்கை இலவசமாகப் பார்க்கலாம்.

அம்மா கொடுத்தா ஒரு மாதிரி, மாமா கொடுத்தா ஒரு மாதிரி

பிரிட்டனில் ‘கிஃப்ட் எய்ட்’ என்று ஒரு திட்டம் இருக்கிறது. அங்கே வருமான வரி கட்டுபவர் 100 பவுண்ட் நன்கொடை கொடுத்தால், அரசிடமிருந்து தொண்டு நிறுவனம் இன்னும் 25 பவுண்ட் வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் நடப்பவரின் பயணச் செலவைத் தொண்டு நிறுவனம் கட்டினால் விதி மாறுகிறது. அந்தச் செலவு, திட்டம் அனுமதிக்கும் வரம்பைத் தாண்டினால், நடப்பவரோ அவரது கணவன், மனைவி, அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, அண்ணன், தங்கை, பிள்ளைகளோ கொடுக்கும் பணத்துக்கு அந்த 25 கிடைக்காது. காரணம், குடும்பம் கொடுத்த பணம் குடும்பத்துக்கே சுற்றுலாவாகத் திரும்பி வருகிறது என்று வரித்துறை பார்க்கிறது. மாமா, சித்தி, நண்பர்கள் கொடுத்தால் பிரச்சினை இல்லை. அவர்கள் அந்தப் பட்டியலில் வரமாட்டார்கள்.

இந்தியாவிலிருந்து நேரடியாக வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தால் இங்கே 80ஜி வரிச்சலுகையும் கிடையாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

இதில் சுவருக்கு என்ன லாபம்?

நேரடியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. பாதையில் நடக்கக் கட்டணம் கிடையாது. நடந்து திரட்டும் பணம் வேறு காரியத்துக்குப் போகிறது. தேய்மானம் மட்டும் சுவருக்கு.

இந்தப் பாதையின் பெரும்பகுதி தார் ரோடோ சிமெண்டோ இல்லை, வெறும் புல்தரை. அதற்குக் கீழே இன்னும் தோண்டாத ரோமானியச் சான்றுகள் இருக்கின்றன. ஈரமான நாளில் நாற்பது பேர் ஒருவர் பின் ஒருவராக ஒரே தடத்தில் போனால் புல் கிழிந்து, மண் சேறாகி, மழைநீர் அதை அரித்துக்கொண்டு போகும். மேல்மண் போனால் அடியில் இருப்பதும் போகும். கல்லைப் பழுது பார்க்கலாம், மண் அடுக்குகளை மறுபடி அடுக்க முடியாது.

அதனால்தான் குளிர்கால மாதங்களில் முழுப் பாதையையும் நடக்க வேண்டாம் என்கிறார்கள். போகும் வழியில் முத்திரை குத்திக்கொள்ளும் ‘பாஸ்போர்ட்’ அட்டைக்கும் மே 1 முதல் அக்டோபர் 31 வரைதான் சீசன். கூட்டமாக வருபவர்கள் வரிசையாகப் போகாமல் பக்கவாட்டில் பரவி நடக்கணும், தேய்ந்த தடத்தை விட்டு விலகிப் புல்லில் கால் வைக்கணும். வேறு எங்கே போனாலும் ‘புல்லை மிதிக்காதீர்’ என்பார்கள், இங்கே தலைகீழ்!

முக்கியமாக, சுவர் மேல் ஏறக் கூடாது. ஹவுஸ்டெட்ஸ் கோட்டைக்குப் பக்கத்தில் மரங்களுக்கு நடுவே போகும் ஒரு சின்னத் துண்டில் மட்டும்தான் அதற்கு அனுமதி.