காட்டு வேரும் நாட்டுக் கனியும்

ராசிபுரத்தைச் சுற்றியுள்ள வேலிகளில் பிரண்டை படர்ந்து கிடப்பதை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். புளி கூட்டித் துவையல் அரைப்பதற்கு மேல் அதற்கு மரியாதை கிடையாது; கை அரிக்கிறதென்று வசவும் கேட்டுக்கொள்ளும். ஆயினும் தாவர சாஸ்திரிகள் அதைத் திராட்சையின் குடும்பத்திலேயே சேர்த்திருக்கிறார்கள். இலைக்கு நேர் எதிரே பற்றுக்கம்பி விடுவதையும், செந்நிறச் சிறு கனிகளையும் கவனித்தால் உறவு விளங்கும்.

2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சை பழைய உலகத்து இனத்தைச் சேர்ந்தது. கனி இனிது, வேரோ சுகவாசி. அமெரிக்கக் காட்டுத் திராட்சைகள் இதற்கு நேர்மாறு. அவற்றின் பழம் பெரும்பாலும் புளிப்பு, சிலவற்றில் ஒரு முரட்டு வாசனை வேறு. பெங்களூர் நீலத் திராட்சையில் நாம் முகரும் வாசனை அந்தக் கலப்பினால் வந்ததே.

1860-களில் அமெரிக்கச் செடிகளோடு கப்பலேறிப் பிரான்ஸுக்குச் சென்ற 'பிலாக்ஸரா' என்னும் நுண்பூச்சி, அந்நாட்டுத் தோட்டங்களை வேரோடு தின்று தீர்த்தது. பூச்சி பிறந்த தேசத்துக் காட்டுக்கொடிகளோ அதனோடு பழகித் தேறியவை. ஆகவே காட்டு வேரின்மேல் நாட்டுக் கொடியை ஒட்டினார்கள்; தோட்டங்கள் பிழைத்தன. வேர் மாறியதால் கனியின் ஜாதி மாறிவிடவில்லை என்பதுதான் இதில் விசேஷம்! இதற்குத் துணைநின்ற டெக்ஸாஸ்வாசி மன்ஸனைப் பிரெஞ்சு அரசாங்கம் 1888-ல் கௌரவித்தது.

நம் நாட்டில் தொல்லை வேறு: உப்பு நீர், வறட்சி, வேரில் முடிச்சிடும் நுண்புழு. இவற்றைத் தாங்குவதற்கென்று மகாராஷ்டிரத் தோட்டங்களில் பரவலாக நடப்படும் வேர்ச்செடி 'டாக்ரிட்ஜ்'. அதுவும் மன்ஸன் டெக்ஸாஸ் காட்டில் தேர்ந்தெடுத்த கொடியே. இயற்கையிலேயே இரு காட்டினங்கள் கலந்து பிறந்ததாகக் கருதப்படுவது.

கிணற்று நீர் உவர்ப்பாயுள்ள குடியானவர் எவரேனும் பந்தல் போட எண்ணினால், கன்றின் பெயரை மட்டும் விசாரித்தால் போதாது. அது எந்த வேரில் நிற்கிறதென்றும் கேட்க வேண்டும். வெறும் குச்சியை ஊன்றுவது மலிவுதான். ஆனால் பந்தலுக்குக் கல்லும் கம்பியும் வாங்கிய பணம் பல வருஷத்துக்கு முடங்கிக் கிடக்கும்; உவர்நீரில் கொடி நலிந்தால் அந்த முதல் திரும்பாது. ஒட்டுக்கன்றிலும் ஒரு காவல் உண்டு. ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பது காட்டுக்கொடி. செழுமையைக் கண்டு மயங்காமல் அதை உடனே கிள்ளிவிட வேண்டும்; விட்டால் பந்தல் முழுவதையும் அதுவே பிடித்துக்கொள்ளும்.