இரண்டு ரயில், ஒரு சராசரி

திருநின்றவூரில் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டினார் பூசலார். முன்பெல்லாம் புள்ளியியல் மாணவர்களும் கலவைப் பரவலை அப்படித்தான் கட்டினார்கள். பூசலார் கட்டியதில் இறைவன் குடிபுகுந்தார். இவர்கள் கட்டியதில் பெரும்பாலும் யாரும் குடிவரவில்லை. இரண்டு இயல்நிலை வளைவு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை, சூத்திரம், அடுத்த பாடம். கிளார்க்ஸ் டேபிள் என்ற மடக்கை அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டு உண்மையான தரவுக்கு அதைப் பொருத்திப் பார்ப்பது எப்படி?

கார்ல் பியர்சனே 1894-ல் படாதபாடு பட்டார். நேப்பிள்ஸ் நண்டுகள் 1,000-இன் நெற்றி அளவுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. இரு இனம் கலந்திருக்குமோ என்று அவற்றை அளந்த விலங்கியலாளர் வெல்டனுக்குச் சந்தேகம். பிரித்துக் காட்ட, ஒன்பதாம் படிச் சமன்பாட்டோடு பியர்சன் மல்லுக்கட்டினார். சென்னை மாகாணத்தில் பிறந்த சி.ஆர்.ராவ், 1948-ல் ஃபிஷரின் மீப்பெரு சாத்தியக்கூறு முறையை இதற்குக் கொண்டுவந்தார். திட்டவிலக்கம் இரண்டுக்கும் ஒன்றே என்ற நிபந்தனையோடு. 1977-ல் டெம்ப்ஸ்டர், லேர்ட், ரூபின் மூவரும் 'ஈ.எம்.' முறையை முன்வைத்தார்கள்: எந்தப் புள்ளி எந்தக் குழு என்று ஊகி, ஊகத்தை வைத்துச் சராசரிகளைத் திருத்து, மறுபடி ஊகி. அலுக்காமல் இதைச் செய்யக் கணினியால்தான் முடியும்.

இன்று பைத்தானில் இரண்டு வரி போதும். ஆனால் பழைய குழப்பம் போகவில்லை: கலவையையும் கூட்டலையும் ஒன்றென்று நினைப்பது. இதை விளக்கத் திருநின்றவூர் ஸ்டேஷனைவிட நல்ல கரும்பலகை கிடையாது. ரயில் நேரத்தோடு, சென்ட்ரலில் இறங்கிப் பிடிக்கும் பஸ் நேரத்தையும் சேர்த்தால் கூட்டல். ஃபாஸ்ட்டோ ஸ்லோவோ, வந்ததில் ஏறினால் கலவை. ஃபாஸ்ட் 45 நிமிடம், ஸ்லோ 60, இரண்டும் சரிபாதி நாள் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 52.5. எந்த ரயிலும் வழக்கமாக அந்த நேரத்தில் போய்ச் சேராது! தனித்தனியே திட்டவிலக்கம் 3 நிமிடம் என்றால், கலவைக்கு 8-ஐத் தாண்டும். இடைவெளியை 15-லிருந்து 6-க்குக் குறைத்தால் இரட்டைத் திமில் ஒற்றையாகிவிடும். அன்று நிரூபணமாக எழுதியதை இன்று திரையில் இழுத்தே பார்க்கலாம். இது பெரிய வரம், மறுக்கவில்லை.

குறை வேறிடத்தில். மூன்று குழு கேட்டால் கணினி மூன்று தரும். ஐந்து கேட்டால் ஐந்து. எத்தனை குழு என்பதற்கு மாணவர்கள் பி.ஐ.சி. என்ற தேர்வு அளவுகோலின் எண்ணைக் காட்டுகிறார்கள். சரி, மூன்றாவது கூட்டம் எது? வழியில் சிக்னலுக்கு நின்ற ஸ்லோவா, ஞாயிற்றுக்கிழமை அட்டவணையா? அந்த வகுப்பில் திருநின்றவூர் வழியாகப் போகும் அரக்கோணம் லைனில் வருகிறவர் ஒருவராவது இருந்தால் நல்லது.