சிறுநீரகச் செயலிழப்பு: முன்னரே செய்ய வேண்டிய ஏற்பாடுகள்

சிறுநீரகங்கள் தம் ஆற்றலில் பெரும்பகுதியை இழக்கும்வரை உடல் அதனை வெளிக்காட்டுவதில்லை. நெடுநாளைய சர்க்கரை நோயும் உயர் இரத்த அழுத்தமும் இதற்கு முதன்மையான காரணங்கள். இரத்தத்திலுள்ள கிரியாட்டினின் அளவு, வயது, பாலினம் ஆகியவற்றைக் கொண்டு சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் கணக்கிடப்படுகிறது. அது நிமிடத்திற்கு 15 மில்லிலிட்டருக்குக் கீழே இறங்கினால் ஐந்தாம் நிலை, அதாவது இறுதி நிலை.

அந்நிலையை எட்டிய அனைவருக்கும் உடனே டயாலிசிஸ் தொடங்கப்படுவதில்லை. மூச்சுத்திணறல், குமட்டல், வீக்கம், பொட்டாசியத்தின் அளவு ஆகியவற்றைக் கண்டே மருத்துவர் முடிவு செய்வார். ஆனால் ஏற்பாடு முன்னரே வேண்டும். கையில் தமனியையும் சிரையையும் இணைக்கும் ஃபிஸ்டுலா என்னும் சிறு அறுவை சிகிச்சை செய்தபின், அது பயன்பாட்டுக்கு வரச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள்கூட ஆகும். தள்ளிப்போட்டவர்களுக்குக் கழுத்தில் குழாய் பொருத்த நேர்கிறது. அதில் தொற்று அபாயம் மிகுதி.

தென்னை சூழ்ந்த கோபாலபுரம் போன்ற எல்லையூர்களில் ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். இளநீர் எல்லார்க்கும் நல்லது என்பது நம் நம்பிக்கை. பொட்டாசியம் மிகுந்த அதே இளநீர், இந்நோயாளியின் இதயத் துடிப்பையே குலைக்கக்கூடும்.

வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் என்றால், ஆண்டுக்கு 156 முறை டயாலிசிஸ். பொள்ளாச்சிக்கோ பாலக்காட்டுக்கோ செல்லும் வண்டி வாடகையும், துணைக்குச் செல்பவர் இழக்கும் கூலியும் பெரும்பாலும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. ஆகவே நகையை அடகு வைக்குமுன் அரசுத் திட்டங்களை விசாரியுங்கள் என்றே, கடன் வழங்கும் நாங்களும் கூறுவோம். 2016இல் அறிவிக்கப்பட்ட பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டத்தின்கீழ், மாவட்ட மருத்துவமனைகளில் ஏழை நோயாளிகளுக்கு இச்சிகிச்சை இலவசம். மாநிலக் காப்பீட்டுக்குக் குடும்ப அட்டை எம்மாநிலத்தது என்பது முக்கியம்; எல்லையில் வாழ்வோர் இதனை முதலில் சரிபார்த்துக்கொள்வது நலம்.

பயணம் இயலாதோர் வயிற்றறை டயாலிசிஸ் பற்றிக் கேட்கலாம். வயிற்றுக் குழாய் வழியே நீர்மத்தை நாள்தோறும் சில முறை மாற்றும் இம்முறையை, பயிற்சி பெற்றபின் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். தூய்மை மட்டும் சிறிதும் தவறலாகாது.

உடல்நிலை இடம் கொடுப்போருக்கு மாற்று அறுவை சிகிச்சையே மேலானது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1971லேயே இது வெற்றி கண்டது. உறுப்பு தருவோர் பொதுவாக நெருங்கிய உறவினராகவே இருக்க வேண்டுமென்பது 1994ஆம் ஆண்டுச் சட்டம். பிறர் தருவதற்கு அங்கீகாரக் குழுவின் ஒப்புதல் தேவை. உறவில் கொடையாளர் இல்லாதோர், மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புக்காக மருத்துவமனை வழியே பதிவு செய்துகொண்டு, டயாலிசிஸைத் தொடர்ந்தபடியே காத்திருக்கலாம்.