கப்பலேறும் விறகு

விறகைக் கப்பலில் ஏற்றி அயல்நாட்டுக்கு விற்பார்களா? விற்கிறார்கள். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் வளரும் பைன் மரங்கள் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து, இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியிலுள்ள டிராக்ஸ் மின் நிலையத்தில் எரிகின்றன. நிலக்கரியில் இயங்கிய அந்த நிலையத்தின் ஆறு அலகுகளில் நான்கு, 2013க்கும் 2018க்கும் இடையே மரத்துக்கு மாற்றப்பட்டன.

ஈரமே எதிரி

பச்சை மரத்தை அப்படியே அனுப்பினால் கட்டுப்படியாகாது. அதன் எடையில் ஏறத்தாழப் பாதி நீர். 1 கிலோ பச்சை மரத்திலுள்ள அரை கிலோ உலர்மரம் எரிந்தால் சுமார் 9 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். எஞ்சிய அரை கிலோ நீரைச் சூடாக்கி ஆவியாக்கவே 1 மெகாஜூலுக்கு மேல் செலவாகிவிடும்.

ஆகவே மரத்தை உலர்த்தி, தூளாக்கி, சிறு துளைகள் கொண்ட அச்சின் வழியே பெரும் அழுத்தத்தில் தள்ளுகிறார்கள். உராய்வினால் சூடேறும்போது, மரத்திலேயே உள்ள லிக்னின் என்னும் பொருள் இளகித் தூளைப் பிணைக்கிறது. தனியாகப் பசை தேவையில்லை! 6 முதல் 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள குச்சிகள் கிடைக்கின்றன. இவையே 'பெல்லட்'. 1 கிலோ பெல்லட் தரும் வெப்பம் சுமார் 17 மெகாஜூல்.

விற்போரும் வாங்குவோரும்

பெல்லட் ஏற்றுமதியில் அமெரிக்கா முதலிடம் வகிக்கிறது. வியட்நாம் அடுத்து நிற்கிறது. அங்கு மரச்சாமான் ஆலைக் கழிவும் தோட்ட அக்கேசியா மரமும் பெல்லட்டாகி ஜப்பானுக்கும் தென்கொரியாவுக்கும் செல்கின்றன. ஜப்பான் 2012இல் இத்தகைய மின்சாரத்துக்கு உறுதியான கொள்முதல் விலை அறிவித்தது. அதன் பிறகு அங்கு இறக்குமதி வளர்ந்தது. ரஷ்யப் பெல்லட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் கதவடைத்தது. இந்தோனேசியாவோ தன் பனையெண்ணெய் டீசலைச் சொந்த வண்டிகளுக்கே திருப்பியது: 2020இல் 30 சதவீதக் கலப்பு, 2025இல் 40 சதவீதம். ஆக, இவ்வணிகத்தின் போக்கை நிர்ணயிப்பது காடுகளின் பரப்பு மட்டுமன்று; அரசுகளின் சட்டங்களும்தான்.

புகை யார் கணக்கில்?

பன்னாட்டுக் கணக்கு முறைப்படி, மரத்தை எரிக்கும் நாட்டின் எரிசக்திக் கணக்கில் அதன் கரியமில வாயு சேர்வதில்லை. மரம் வெட்டிய நாட்டின் காட்டு இழப்பாகவே அது பதிவாகிறது. ஆனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மரம் வெளியிடும் கரியமில வாயு, நிலக்கரி வெளியிடுவதைவிடக் குறைந்ததன்று. எரிய நிமிடங்கள் போதும். மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் ஆகலாம். எப்படியும் மக்கிப் போகும் அறுவை ஆலைத் தூளை எரித்தால் இழப்பு சிறிது. நின்ற மரத்தை வெட்டி எரித்தால், வானில் ஏறிய கடன் நெடுங்காலம் நிற்கும்.

மாணவர்களே, ஒரு கணக்கு. 50,000 டன் பெல்லட்டுடன் ஒரு கப்பல் வருகிறது. வெப்பத்தில் 38 சதவீதம் மின்சாரமாகிறது எனக் கொள்வோம். டிராக்ஸின் நான்கு அலகுகளும் சேர்ந்து சுமார் 2,600 மெகாவாட் தருபவை. அவற்றை முழுவீச்சில் இயக்கினால் அச்சரக்கு எத்தனை நாள் வரும்? போட்டுப் பாருங்கள். விடை, ஏறத்தாழ ஒன்றரை நாள்!